பிரஷ் முளைத்த அறை

இன்று காலை தேங்காய்ச் சட்னி அரைக்கும்போது மிக்ஸியின் அடியிலிருந்து நீலப்பொறி பறந்தது. கூடவே அந்த வாசனை. தீபாவளிக்கு மறுநாள் தெருவில் தங்கியிருக்கும் வெடி வாசனையில் கொஞ்சம் இரும்பைக் கலந்தால் எப்படி இருக்குமோ அப்படி. அப்பா எழுந்து வந்து பார்க்கவே இல்லை. கூடத்தில் உட்கார்ந்தபடியே மூக்கால் தீர்ப்பு எழுதிவிட்டார். "பிரஷ் போயிருச்சு கண்ணு. ஆஃப் பண்ணீரு."

மிக்ஸியைத்தான் சொன்னார். ஆனாலும் நான் பாதி அரைபட்ட தேங்காயோடு அங்கேயே நின்றுவிட்டேன். சட்னி இன்று கொரகொரவென்று இருந்தது. ஏன் என்று கேட்ட அப்பாவிடம் புது ரெசிபி என்று சொல்லிச் சமாளித்தேன்.

உனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. நீ இருந்திருந்தால் இந்த மடலை என்னிடமே நீட்டி, "நீயே படிச்சுக் காட்டு யார், எனக்கு எல்லாம் ஜிலேபியாத்தான் தெரியுது" என்று பேச்சுக்குப் பேச்சு போடும் அந்த இந்தி 'யார்' சேர்த்துச் சொல்லியிருப்பாய். அது தெரிந்தும் தமிழில் எழுதுகிறேன். நமக்குள் நடந்த கூத்தெல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும் நடந்து முடிந்துவிட்டது. அதைத் தமிழில் சொல்லச் சொல்லி ஒருவர் கேட்டார். உன் அம்மா. "கதவைச் சாத்திக்கிட்டு ரெண்டு பேரும் அப்படி என்னத்துக்குளா சிரிச்சீங்க?" என்று கேட்டார். இந்த மராத்திச் சீமையில் தேஹு ரோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டு சொந்த ஊரான கோவில்பட்டிப் பக்கம் போவதற்கு முன்னால் அவருக்கு அது தெரிந்தாக வேண்டியிருந்தது. நானும் சொன்னேன். சரியாகச் சொன்னேனா என்பது, மிக்ஸி நின்ற பிறகும் என்னை அரைத்துக்கொண்டிருக்கிறது.

எல்லாம் இந்தப் பிரஷ்ஷில்தான் ஆரம்பித்தது. இங்கே ஜூனியர் கல்லூரி என்று சொல்லும் பதினொன்றாம் வகுப்பில் ஆங்கில மேடம் ஒரு வேலை கொடுத்தார். ஜோடி ஜோடியாகச் சேர்ந்து ஒரு சொல்லை எடுத்துக்கொள்ள வேண்டும். அது எங்கே முளைத்தது, எப்படிக் கிளை விட்டது என்று ஒரு மரம்போல வரைந்து, வகுப்பின் முன்னால் நின்று பேச வேண்டும். மற்றவர்கள் எல்லாம் லவ், டிரீம், ஹோப் என்று பளபளப்பான சொற்களை அள்ளிக்கொண்டு போனார்கள். வாழ்த்து அட்டைக் கடையில் தள்ளுபடி விற்பனை நடந்ததுபோல் இருந்தது. வகுப்பில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இரண்டு பேர்தான் என்பதால் நாம் ஜோடி. சொல் மட்டும் கிடைக்கவில்லை.

அன்று மாலை லோக்கல் ரயிலில் நீ தேஹு ரோடு வரை போகாமல் என்னோடு காசார்வாடியிலேயே இறங்கினாய். மழை. பழைய மும்பை நெடுஞ்சாலை ஓரத்தில் இருக்கும் அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடை வரை ஒரே குடையில் ஓடினோம். குடை என்னுடையது என்பதால் நனைந்தது நீ. கடையில் அப்பா ஒரு டிரில் மெஷினைப் பிரித்து வைத்திருந்தார். கோயம்புத்தூரில் எதைச் செய்துகொண்டிருந்தாரோ அதையேதான் இங்கும் செய்கிறார். நான் ஏழாவது முடித்த வருஷம் ஊரை மட்டும் மாற்றிக்கொண்டார். மெஷினின் வயிற்றிலிருந்து சின்னக் கருப்புப் பர்பித் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"அங்கிள், இது என்னா?"

"பிரஷ்ஷுங்க கண்ணு."

"பிரஷ்ஷா? ஒரு முடிகூட இல்லியே!"

"எந்தலையிலயுந்தான் முடி இல்ல. அதுக்காக இவ என்னைய அப்பான்னு கூப்பிடாமயா இருக்கறா?"

நீ சிரித்தாய். உன் சிரிப்பு உடனே வெளியே வராது. முதலில் தோள் மட்டும் குலுங்கும். கண் இரண்டும் காணாமல் போகும். அப்புறம், குக்கரில் வெயிட்டைத் தூக்குவதற்கு முன்னால் ஒரு சீறல் வருமே, அது. அதற்கும் அப்புறம்தான் விசில். அன்று விசிலைக் கேட்டுப் பக்கத்து லேத் பட்டறைக்காரர் எட்டிப் பார்த்தார். சொல் அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது.

அதற்குப் பிறகு வந்த சனி, ஞாயிறெல்லாம் உன் அறைதான். ராணுவ டெப்போ குவார்ட்டர்ஸில் உன் வீடு ஒரு கூடம், ஒரு சமையலறை, ஒரு அறை. அந்த ஒரு அறையை உன் அப்பாவும் அம்மாவும் நமக்காக ஒழித்துக் கொடுத்துவிட்டுக் கூடத்தில் டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். ஏதோ நாம் ராக்கெட் விடுகிறோம் என்பதுபோல. நாம் சார்ட் பேப்பரைக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினோம். சுவரில் ஒட்டினால் குவார்ட்டர்ஸ் சுண்ணாம்பு உதிர்ந்து கையோடு வந்துவிடும் என்றாய். அதனால் வரையும்போதெல்லாம் கதவு சாத்தியே இருக்க வேண்டியிருந்தது. சுவர் கொஞ்சம் நல்ல சுவராக இருந்திருக்கலாம்.

பிரஷ் என்றால் முதலில் புதர்தான் என்று அகராதியில் பார்த்தபோது நீ நம்பவில்லை. பழைய பிரெஞ்சுக்காரர்கள் காட்டோரத்தில் அடர்ந்து கிடக்கும் குறுஞ்செடிகளையும் அதிலிருந்து ஒடிந்த சுள்ளிகளையும் குறிக்க வைத்திருந்த ஒரு சொல் கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போய் பிரஷ் ஆகியிருக்கிறது. பிறகு யாரோ ஒருவன் அந்தச் சுள்ளிகளைக் கத்தையாகக் கட்டித் தரையைக் கூட்டியிருக்கிறான். "ஒருவன் இல்லடி, ஒருத்தி. கூட்டுனது அவளாத்தான் இருக்கும், பேரு வெச்சது வேணா அவனா இருக்கலாம்" என்று நீ திருத்தினாய். கட்டிய கத்தைக்கும் அதே பெயர். சுள்ளி போய்ப் பன்றி மயிர் வந்தது, மயிர் போய் நைலான் வந்தது, பெயர் அசையவில்லை. வேட்டைக்குப் போன துரைமார்கள் நரியின் புசுபுசு வாலைப் பார்த்து அதையும் பிரஷ் என்றார்கள்.

அப்பாவின் கருப்புப் பர்பிக்கும் விடை கிடைத்தது. மோட்டார் கண்டுபிடித்த புதிதில் சுழலும் உருளையை உரசிக்கொண்டே மின்சாரம் கொடுக்க, செப்புக் கம்பிகளைக் கத்தையாகக் கட்டி வைத்திருந்தார்களாம். பார்க்க நிஜமாகவே பிரஷ் மாதிரி இருந்திருக்கிறது. பிறகு கம்பியை எடுத்துவிட்டுக் கரித்துண்டை வைத்தார்கள். பெயர் மட்டும் வேலையை ராஜினாமா செய்யவில்லை. இன்னொரு கிளை புதருக்குள்ளேயே ஓடியது. செடிகொடி கிழிக்கக் கிழிக்க அதற்குள் விழுந்தடித்துப் போவதற்கும் அதே சொல். அதிலிருந்து ஒருவரை உரசிக்கொண்டு போவது வந்தது. உரசலிலிருந்து எதிரியோடு ஒரு சின்ன மோதல். மோதலிலிருந்து, சாவை உரசிவிட்டுத் தப்பித்து வருவது. அகராதிக்காரர்கள் சில இடங்களில் 'இருக்கலாம்' என்று இழுத்தார்கள். நாம் இழுக்கவில்லை. சார்ட்டில் தடித்த ஸ்கெட்ச் பேனாவால் போட்டோம்.

எனக்குப் படித்தால் மட்டும் போதாது, நடித்தாக வேண்டும் என்பது உனக்குத் தெரியும். பெயிண்டிங் வகுப்பில் எல்லோரும் பிரஷ் எடுத்து வையுங்கள் என்று சொன்னபோது மேசையில் கரித்துண்டை எடுத்து வைத்து வெளியே நின்றவள் நான். லோக்கலில் உன் நம்பர் கேட்ட பையனின் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டு, "இதுக்குப் பேரு பிரஷ் ஆஃப்" என்று ஆளையே தட்டிக் கழித்தவளும் நான்தான். அவன் பிம்ப்ரியிலேயே இறங்கிவிட்டான். அவன் போக வேண்டியது சிவாஜி நகர்.

நரிக் கிளையை ஒத்திகை பார்த்த அன்று சமையலறையிலிருந்து துடைப்பத்தைக் கடத்தி வந்து என் துப்பட்டாவில் பின்னால் கட்டிவிட்டாய். நான் கட்டிலைச் சுற்றி ஓட, நீ வெள்ளைக்காரத் துரையாகத் தலையணை மேல் குதிரை ஏறி வந்தாய். அந்த நேரம் பார்த்து உன் அம்மா டீயோடு கதவைத் தள்ளினார்.

"ஜாடு எங்கன்னு வீடு பூரா தேடுதேன். இங்க வாலு வாலை மாட்டிக்கிட்டு ஆடுதாக்கும்!"

உனக்குத் தோள் குலுங்க ஆரம்பித்துவிட்டது. அவரும் சிரித்தார். எதற்கென்று தெரியாமலே, நாம் சிரிக்கிறோம் என்பதற்காகச் சிரித்தார். டீயை வைத்துவிட்டுப் போகாமல் கொஞ்ச நேரம் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்.

"என்னளா, எனக்குந்தான் சொல்லுங்களேன்."

"உனக்குப் புரியாதும்மா. இங்கிலீஷ் ஜோக்."

"சரி சரி. டீ ஆறிரும்."

துடைப்பத்தை அவிழ்த்து வாங்கிக்கொண்டு போனார். சார்ட் கண்ணில் பட வேண்டுமே என்று நீ கதவைச் சாத்தினாய்.

அடுத்த வாரம் நீ லோக்கலில் நான் ஏறும்போதே எழுந்து நின்று கத்தினாய். "சேம் டு சேம்டி!" பெண்கள் பெட்டி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. இந்தியில் ஜாடி என்றால் புதர், ஜாடு என்றால் துடைப்பம். மராத்தியில் ஜாட் மரம், ஜாடணே கூட்டுவது. யாரையாவது நன்றாகத் திட்டினாலும் ஜாடினார்கள் என்றுதான் சொல்கிறார்கள். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் போன பாதையிலேயே இங்கே இருக்கிறவர்களும் யாரையும் கேட்காமல் போயிருக்கிறார்கள். புதரை ஒடித்தார்கள், கட்டினார்கள், கூட்டினார்கள், பெயரை மாற்றாமல் விட்டார்கள். மனிதர்கள் எங்கே போனாலும் குப்பை போடுகிறார்கள், பக்கத்தில் இருக்கும் செடியை ஒடித்துக் கூட்டுகிறார்கள், அவ்வளவுதான் உலக வரலாறு என்றேன். நீ அதை மேடையில் சொல்லலாம் என்று எழுதிக்கொண்டாய்.

அதன் பிறகு சார்ட்டில் ஒரு கிளையை வரைந்து, நுனியில் தமிழ் என்று ஆங்கிலத்தில் எழுதி, மேலே ஒன்றும் எழுதாமல் விட்டாய்.

கேட்டுப் பார்க்காமல் இல்லை. வானவடியில் இருக்கும் என் பெரியப்பா மகனுக்குப் போன் போட்டோம். சாஃப்ட்வேர் கம்பெனி அண்ணன். தமிழில் நிறைய வாட்ஸ்அப் நிலைத்தகவல் போடுவார் என்பது ஒன்றுதான் அவரது தகுதி. "புதர்னா புதர், துடைப்பம்னா துடைப்பம். ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லைம்மா. எனக்கு ஒரு ஆபீஸ் கால் இருக்கு" என்று வைத்துவிட்டார். என் பங்குக்கு நானும் தமிழ்ப் பண்டிதை வேஷம் கட்டினேன். துடைப்பதால் துடைப்பம். எங்கள் வீட்டில் சீமாறு என்போம், அது சும்மா ஒரு பேரு. ஏழு வகுப்புத் தமிழில் படித்தவள் சொல்லிவிட்டேன் அல்லவா, நீ நம்பிவிட்டாய்.

"எனக்குத்தான் தமிழ் வராது. தமிழுக்குமா வரலை?" என்றாய்.

அது நல்ல ஜோக். அன்று நான் சிரித்தேன், நீதான் சிரிக்கவில்லை. லீவுக்கு ஊருக்குப் போனால் சித்தி பிள்ளைகள் உன்னை வடக்கத்தியா என்று கூப்பிடுவதையும், ஒரு தமிழ்ப் பலகையைக்கூடப் படிக்க முடியாமல் பஸ்ஸில் நீ அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே போவதையும் அன்றுதான் சொன்னாய். "மேடைல எல்லாம் சொல்லி முடிச்சிட்டு, லாஸ்ட்ல ஒரே ஒரு தமிழ் வார்த்தை சொல்லிட்டு இறங்கணும் யார். எங்க பாஷைலயும் இருக்குன்னு."

உன் அம்மாவிடம் கேட்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை என்று சொல்ல முடியாது. உனக்கே தோன்றியது. நீயே அதைத் தள்ளியும் விட்டாய். "அம்மாவே ஜாடுன்னுதான சொல்லுது? வேற தமிழ் வார்த்தை தெரிஞ்சிருந்தா அதச் சொல்லியிருக்காதா?" நியாயமாகத்தான் பட்டது. நம்மைப் போலப் பிழைக்க வந்த ஊரில் வளர்ந்த யாருக்கும் நியாயமாகத்தான் படும். காய்கறிக்கு ஒரு மொழி, ரிக்‌ஷாவுக்கு ஒரு மொழி, கோபத்துக்கு ஒரு மொழி என்று நம் அம்மாக்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களிடம் இருக்கும் தமிழே அவ்வளவுதான் என்று நினைத்துக்கொள்கிறோம்.

கணபதி சிலைகளைக் கரைத்த பிறகு வந்த வாரத்தில் உனக்குக் காய்ச்சல். டெங்கு என்றார்கள். ஊரில் பாதிப் பேருக்கு இருந்தது, பாதிப் பேர் எழுந்து கல்லூரிக்கும் வந்துவிட்டார்கள். மருத்துவமனையிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாய். பின்னால் யாரோ மராத்தியில் டோக்கன் எண் கூப்பிடும் சத்தம். "ஏய் சுன் நா, கேளேன். சும்மா ஒரு பிரஷ்தான். உரசிட்டுப் போயிரும். அந்தக் கிளைய வெட்டிராத, வந்து யோசிப்போம்."

உரசிவிட்டுப் போகவில்லை.

வகுப்பில் ஜோடிகள் வரிசையாகப் போய்ப் பேசினார்கள். லவ்வுக்குக் கைதட்டல் அதிகம். நம் பெயர் வந்தபோது மேடம் அதை வாசிக்காமல் அடுத்ததற்குப் போனார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் அவர் கூப்பிட்டிருந்தால் தனியாகவாவது போய் நின்றிருப்பேனோ என்று இன்றும் நினைக்கிறேன். போயிருக்க மாட்டேன் என்றும் நினைக்கிறேன். இருவர் பேச வேண்டியதை ஒருத்தி பேசினால் அது பாதி புதர், பாதி துடைப்பம்.

இந்த வருஷம் உன் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்ஸைக் கொடுத்துவிட வேண்டும். உன் அம்மா போன் செய்து ஒரு நாள் வந்துவிட்டுப் போ என்றார். பரீட்சை என்றேன், சளி என்றேன், லோக்கல் ரத்து என்றேன். சாக்கு விஷயத்தில் என்னிடம் எப்போதுமே ஸ்டாக் உண்டு. லாரி வருவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லாச் சாக்கும் தீர்ந்து போய் வந்து நின்றேன். உள்ளே இருந்ததெல்லாம் வேறு மாதிரிச் சாக்குகள். வாய் கட்டிய சாக்குகள், பாத்திரம், துணி. உட்கார நாற்காலி இல்லை. ஒரு மெத்தைச் சுருட்டின் மேல் என்னை உட்கார வைத்தார். நீ படுத்த மெத்தை என்று தெரிந்ததும் பாதி எடையைக் காலிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

கதவைச் சாத்திக்கொண்டு எதற்குச் சிரித்தீர்கள் என்ற அந்தக் கேள்வியை அப்போதுதான் கேட்டார். கேட்டுவிட்டு, "நான் அடுப்படில நிப்பேன். உள்ள இருந்து அவ சிரிக்குத சத்தம் வரும். என்னன்னு தெரியாது. நல்லாத்தான் இருக்கான்னு தோசையத் திருப்பிப் போடுவேன். இப்ப ஊருக்குப் போயி ஆளுக கேட்டா, எம் பிள்ள எதுக்குச் சிரிப்பான்னு சொல்ல எனக்கு ஒண்ணுந் தெரியலளா" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். ஜோக்கை மொழிபெயர்ப்பது என்றால் என்ன என்று அன்றுதான் தெரிந்தது. பலூனைப் பிரித்து இதற்குள்தான் காற்று இருந்தது என்று காட்டுவது மாதிரி. கரித்துண்டைச் சொன்னேன், நரி வாலைச் சொன்னேன், பிம்ப்ரியில் இறங்கியவனைச் சொன்னேன். டாக்டர் சொல்வதைக் கேட்பதுபோல உன் அம்மா முகத்தைக் கூர்மையாக வைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் சொல்லச் சொல்ல நீ சிரித்ததெல்லாம் என் வாயில் செத்துக்கொண்டிருந்தது. கடைசியில் நடித்தே காட்டிவிடலாம் என்று மூட்டைகளுக்கு நடுவில் துடைப்பத்தை வாலாகப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்று ஓடினேன். அவர் சிரிக்கவில்லை. "மெதுவாளா, கண்ணாடிச் சாமான் இருக்கு" என்றார்.

மூச்சு வாங்க உட்கார்ந்து, அடிவேரிலிருந்து ஆரம்பித்தேன். "அது ஒண்ணுமில்ல ஆன்ட்டி. முதல்ல அது ஒரு செடி. அதை ஒடிச்சுக் கட்டிக் கூட்டுனாங்க. அதனால கூட்டறதுக்கும் அதே பேரு வந்துருச்சு. அதுதான் ஆச்சரியம்."

"இதுல என்ன ஆச்சரியம் இருக்கு?" என்றார் அவர். சாதாரணமாக, கையில் இருந்த சணல் கயிற்றைப் பிரித்துக்கொண்டே. "எங்க ஊர்லயும் அப்படித்தான. பருத்தி எடுத்து முடிச்ச பெறவு செடியப் புடுங்கிக் காயப் போடுவோம்லா, அது மாறு. பருத்திமாறு. அடுப்பெரிக்கவும் அதான், களத்தக் கூட்டக் கத்தையாக் கட்டுததும் அதான். அந்த மாறுதான வெளக்குமாறு? வெளக்குததுக்கு, கூட்டிச் சுத்தம் பண்ணுததுக்கு ஒரு மாறு."

வெளக்குமாறு. எங்கள் வீட்டுச் சீமாறு. சும்மா ஒரு பேரு என்று நான் பண்டிதை வேஷத்தில் தள்ளிவிட்ட அதே மாறு. புதருக்கும் துடைப்பத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நாம் முடிவு கட்டிய அறைக்கு வெளியே, தோசைக்கல் முன்னால், அது நின்றுகொண்டிருந்திருக்கிறது.

"ஆன்ட்டி, நீங்க எப்பவும் ஜாடுன்னுதானே சொல்வீங்க?"

"வந்த புதுசுல வெளக்குமாறுன்னுதான் சொன்னேன். கடைக்காரனுக்குப் புரியல. பக்கத்து வீட்டு மராத்திக்கார அக்காகிட்ட இரவல் கேட்டா அவங்களுக்கும் புரியல. கடைக்கு ஒரு வார்த்த, வீட்டுக்கு ஒரு வார்த்தையா வச்சுக்கிட்டுத் திரிவாக? ஒண்ணு போதும்னு விட்டுட்டேன். பிள்ளைக்கும் அதான் வாயில வந்துச்சு." கயிற்றில் ஒரு முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்துவிட்டு நிமிர்ந்தார். "ஏன் கேக்க?"

சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் என் முகம் அதற்குள் சொல்லிவிட்டிருக்கிறது. கதவை மூடி அந்த வெற்றுக் கிளையைக் காட்டினேன். அவருக்கு அந்த எழுத்து படிக்க வராது. விரலால் தொட்டு, "இதயா தேடுனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். விரலைக் கிளையின் நுனி வரை ஓட்டினார்.

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. ஒரு பொருளைத் தேடி அலைந்தவர்களிடம், அடடா, இங்கேதானே இருந்தது என்போமே, அந்தக் குரல். அதனால்தான் தாங்க முடியவில்லை. அந்த இடத்தில் நான் ஒன்று செய்தேன். என் போனில் இருக்கும் உன் கடைசி மெசேஜை அவர் கேட்டதில்லை. 'வந்து யோசிப்போம்' என்று நீ சொன்னதை, "வந்து அம்மாகிட்ட கேப்போம்னு சொன்னா ஆன்ட்டி" என்று மாற்றிவிட்டேன். இத்தனை நாள் எத்தனை பேரை ஏமாற்றியிருக்கிறேன். மாட்டிக்கொண்டால்தான் அதில் மஜா. இதில் மட்டும் நான் மாட்டிக்கொள்ளவே கூடாது. அதனால் இந்த மடலை அவருக்கு அனுப்பப் போவதில்லை.

"கேப்போம்னு சொன்னாளா?" என்றார். இரண்டாவது தடவை அதைக் கேள்வியாகச் சொல்லவில்லை. "கேப்போம்னு சொன்னா."

சார்ட்டைக் கழற்றும்போது பசை விடவில்லை. வேர்ப்பகுதி கதவோடே தங்கிவிட்டது. வந்த வரைக்கும் சுருட்டி முருங்கைக்காய் மாதிரி ஒரு மூட்டையில் செருகிக்கொண்டார். அடுத்து அந்த வீட்டுக்கு வரும் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் ஒரு புதர் மட்டும் ஒட்டியிருப்பதைப் பார்த்து என்ன நினைப்பார்களோ.

நான் வருத்தப்படுவது அந்தச் சொல் கிடைக்காமல் போனதற்காக அல்ல. சொல் எப்படியும் கிடைத்துவிட்டது. பிறந்ததிலிருந்து அதைத் தெரிந்த ஒருவருடைய வீட்டில் நீ வளர்ந்தாய், உன் தமிழ் வாலறுந்த தமிழ் என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தாய். அவர் அதே வீட்டில் உன் சிரிப்பைக் கேட்டுக்கொண்டே, தனக்கு அது புரியாது என்று நினைத்துக்கொண்டே தோசை சுட்டார். நடுவில் நான் இருந்தேன். இரண்டு பக்கமும் பேசத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எனக்கு வாலைத் துப்பட்டாவில் கட்டிக்கொண்டு ஓடத்தான் தோன்றியது. எழுந்து போய்க் கதவைத் திறந்து, ஆன்ட்டி உள்ளே வாங்க, மெத்தையில் உட்காருங்க என்று சொல்ல ஒரு நொடி போதும். அவர் வந்திருப்பார். டீயைக்கூட மறந்துவிட்டு வந்திருப்பார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து போன் செய்கிறார். சாப்பிட்டாயா, அப்பா கடை எப்படி என்றெல்லாம் கேட்டுவிட்டு, "இன்னொரு வார்த்த சொல்லுளா" என்பார். நாம் தேர்ந்தெடுக்காமல் விட்ட சொற்கள், வேறு நாள் வேறு எதற்கோ சிரித்தவை, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்கிறேன். முன்பைவிட நன்றாகச் சொல்ல வருகிறது, ஆங்கிலம் குறைந்திருக்கிறது, தமிழ் கொஞ்சம் கோவில்பட்டியாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் உன் அம்மா இதுவரை ஒன்றுக்குக்கூடச் சிரித்ததில்லை. அவர் சிரிப்பதற்காகக் கேட்பதில்லை என்று எனக்குப் புரியச் சில வாரங்கள் ஆயின.

உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது பெரிதாக ஒன்றும் இல்லை. எந்தச் சொல்லில் உன் தோள் குலுங்க ஆரம்பிக்கும் என்பது மட்டும் தெரியும். வேறு யாருக்கும் அது தெரியாது. அதைத் தொலைத்துவிடக் கூடாதே என்று லோக்கலில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து பழைய ஜோக்குகளை வாய்க்குள் சொல்லிப் பார்க்கிறேன். எதிரே இருப்பவர்கள் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று நினைக்கிறார்கள்.

நேற்று நம் கல்லூரி கேன்டீன் கதை ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாதியில் உன் அம்மா நிறுத்தினார்.

"இதுல அவ எங்க சிரிப்பா?"

"இங்கதான் ஆன்ட்டி. இந்த எடத்துல."

நீ சிரித்து முடிக்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் இரண்டு பேரும் போனைப் பிடித்தபடி காத்திருந்தோம். பிறகு அவர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "ம், மேல சொல்லுளா" என்றார்.